கத்தி படாத தாடி

– இல்லீங்க, நான் பேங்குல வேல பாக்கல.

– அப்ப தாலுக்கா ஆபீஸா?

– அதுவும் இல்ல.

– டிவியில கிவியில வந்துருக்கீங்களா சார்?

– என்னப் பாத்தா டிவியில வர்ற மூஞ்சியாட்டமா இருக்கு?

– அதச் சொல்லாதீங்க, இப்பல்லாம் யார் யாரோ வர்றாங்க. ஆனா இந்தக் கலியமூர்த்தி ஒருதரம் ஒரு மொகத்தப் பாத்தான்னா மறக்க மாட்டான். சிதம்பரம் மேல வீதியில கட போட்டு எத்தினி தலையப் பாத்துருப்பேன். உங்கள எங்கியோ பாத்துருக்கேன் சார். பக்கத்துல வச்சி இல்ல, கொஞ்சம் தள்ளி நின்னு. அதான் சட்டுனு புடிபட மாட்டேங்குது.

– எல்லாருக்கும் ஒரு மூக்கு, ரெண்டு கண்ணுதான். நீங்க தாடிய எடுங்க.

– எடுக்குறேன், எடுக்குறேன். இது சும்மா சோம்பல்ல வளந்த தாடி இல்ல சார். பாத்துப் பாத்து வளத்த தாடி. தோளு வரைக்கும் முடி வேற. வளத்தவரு எதுக்கு எடுக்குறாருன்னு தெரியாம கத்திய வச்சா எனக்குக் கையி கூசும்.

– திருப்பூருக்கு வாட்ச்மேன் வேலைக்கிப் போறேன். தாடியோட வந்தா சேத்துக்க மாட்டோம்னுட்டாங்க. மத்தியானம் இங்க பஸ் ஸ்டாண்டுலேந்து கம்பெனி வேன் கெளம்புது. போதுமா?

– போதும் சார், கோச்சிக்காதீங்க. கரண்டு வேற இல்ல, ஃபேனு ஓடல. கரண்டு இல்லாத நேரத்துல வாய ஓட்டுனாத்தான் எனக்குப் பொழுது ஓடும். தோ, நொர போட்டாச்சி. தலைய இப்பிடி பின்னால சாச்சிக்கிங்க. கண்ண மூடிக்கிங்க, எரியும். கொஞ்சம் எடது பக்கமா. ஆங், அப்பிடியே.

– என்னாங்க, கையி நின்னுடுச்சி?

– நீங்க ஏசு.

– என்னாது?

– நீங்க ஏசுதான சார். கடலூர் போற வழியில, குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்துல அருளப்பன்பேட்ட. பெரிய வெள்ளிக்கெழம அங்க பாஸ்கா நாடகம் போடுவாங்களே, அதுல ஏசு. தலைய சாச்சிக் கண்ண மூடுனீங்க பாருங்க, புடிச்சிட்டேன். சிலுவையில உசுரு போவும்போது இப்பிடித்தான் எடது பக்கமா சாயும் உங்க தல.

– வேற யாரையோ பாத்துட்டு சொல்றீங்க.

– ஏசுநாதராக ஆரோக்கியராஜ்ன்னு மைக்குல சொல்லுவாங்க. நீங்க ஆரோக்கியராஜ் இல்லன்னு சொல்லுங்க பாப்போம். தவக்காலத்துல பொய் சொல்லக் கூடாதுன்னு உங்க சாமியார் சொல்லி நானே கேட்டுருக்கேன்.

– நீங்க எங்க அங்க வந்தீங்க?

– என் வீட்டுக்காரிக்கி உங்க பக்கத்து ஊரு சார். வருசா வருசம் வேனு வச்சிக்கினு குடும்பத்தோட வந்துடுவோம். என் மாமியா பட்டம்மான்னு பேரு, அது இருக்குதே, சரியான ஆளு. மொதோ வரிசையில பாய விரிச்சிப் போட்டு உக்காந்துக்கும். போன வருசம் சேவகன் ஒருத்தன் உங்கள சாட்டையால அடிச்சான்ல?

– சபாபதி.

– அந்த சபாபதி மேடையிலேந்து எறங்கி வரும்போது என் மாமியா வெத்தலப் பையால முதுவுல ஒரு போடு போட்டுச்சி. பாக்குவெட்டி உள்ள இருக்குது. அந்தாளு அய்யோன்னு கத்துனான் பாருங்க, ஊரே சிரிச்சிது. நீங்க மேல தொங்கிக்கினு இருந்தீங்க, பாத்துருக்க மாட்டீங்க.

– பாத்தேன்.

– பாத்தீங்களா?

– சிரிப்ப அடக்க முடியல. அதான் தலைய எடது பக்கமா சாச்சிட்டேன். வலது பக்கம் ஜனம் உக்காந்துருந்திச்சி.

– அடக் கடவுளே. என் மாமியா அதப் பாத்துட்டு, யாராச்சும் அந்தப் புள்ளைக்கித் தண்ணி குடுங்கடின்னு ஓன்னு அழுதுச்சி சார். நீங்க என்னடான்னா சிரிச்சிக்கினு இருந்துருக்கீங்க.

– சரி, புடிச்சிட்டீங்க. இப்பத் தாடிய எடுங்க.

– எடுக்க மாட்டேன்.

– என்னா?

– பெரிய வெள்ளிக்கெழமைக்கி இன்னும் மூணு வாரந்தான் இருக்குது. தாடிய எடுத்துட்டு எப்பிடி வேசம் கட்டுவீங்க? கிறிஸ்மஸ் முடிஞ்சதுலேந்து ஈஸ்டர் வரைக்கும் ஏசு வேசக்காரரு மொகத்துல கத்தி படக் கூடாதுன்னு உங்க ஊர்ல வழக்கம் உண்டுல்ல? ஒட்டுத் தாடியும் ஆவாது. எனக்கு எல்லாம் தெரியும் சார். இதே தொழில்ல இருக்குறவன், இதக் கேட்டு வச்சிக்காம இருப்பேனா?

– இந்த வருசம் நான் வேசம் கட்டல.

– வேற யாரு கட்டுறது?

– யாராச்சும் கட்டட்டும், கட்டாம போவட்டும். அது என் கவல இல்ல. நான் எல்லாத்தயும் விட்டுட்டேன்.

– நாடகத்தயா?

– நாடகத்த, கோயில, செபமாலைய. மொத்தமா.

– அண்ணே.

– சாருன்னு கூப்புட்டுக்கினு இருந்தீங்க.

– இப்ப அண்ணேன்னு வருது, என்னா பண்ணச் சொல்றீங்க? தானே புயல்லதான?

– ம்.

– எவ்ளோ போச்சி?

– எல்லாம். முந்திரி, பலா, ஒண்ணு பாக்கி இல்ல. அன்னிக்கி ராத்திரி பூரா மண்டி போட்டு செபமால சொன்னேன். காத்து ஊளையிடுது, நான் நிறுத்தல. விடிஞ்சி கதவத் தொறந்தா, பக்கத்து ஊர்ல உங்க மாரியம்மங்கோயில் கோபுரம் தெரியிது. எங்க வீட்டு வாசல்லேந்து அது தெரியவே தெரியாது. நடுவுல என் தோப்பு மறைக்கும். இந்நேரம் முந்திரிப் பூ வாசன ஊரையே தூக்கும். இப்ப மண்ணு வாசனதான் வருது. சரி, பேசியாச்சில்ல. எடுங்க.

– ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன். புயல் அடிச்ச அன்னிக்கி என் மாமியா வீட்டுக் கூரையும் போயிடுச்சி. நான் ரோட்டுல உழுந்து கெடந்த மரத்தயெல்லாம் தாண்டிப் போயி பாக்குறதுக்குள்ள ரெண்டு நாளாயிடுச்சி. போயி பாத்தா, என் மாமியா உங்க கோயில்ல சப்புனு கால நீட்டி உக்காந்துக்கினு கஞ்சி குடிக்கிது. யாரு ஊத்துனான்னு கேட்டேன். ஏசுதாண்டா ஊத்துனாருன்னு சொல்லிச்சி. புயல்ல கெழவிக்கிப் புத்தி பெசகிடுச்சோன்னு பயந்துட்டேன். கைய நீட்டிக் காமிச்சிச்சி. அங்க அண்டாகிட்ட நின்னு கெளறிக்கினு இருந்தது நீங்க.

– அன்னிக்கி வேல இருந்துச்சி, கெளறுனேன்.

– அன்னிக்கி உங்க தோப்பும்தான போயிருந்துச்சி.

– அன்னிக்கித் தெரியல. பசிக்கிறவன் எதுக்க நிக்கும்போது ஒண்ணும் தெரியல. எல்லாரும் அவுங்கவுங்க வீட்டுக்குப் போனப்பறம், நானும் வீட்டுக்கு வந்து உக்காந்தேன் பாருங்க. அப்பத்தான் எல்லாம் உறைக்க ஆரம்பிச்சிது. இந்தா கலியமூர்த்தி, நீங்க எடுக்கலன்னா நான் அடுத்த கடைக்கிப் போறேன். நொரயோடவே போறேன்.

– அய்யய்யோ, நொரயோட போனா என் கட மானம் போயிடும். உக்காருங்க. செய்யிறேன். ஆனா ஒண்ணு, இந்தப் பாவம் உங்க கணக்கு. என் மாமியாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, வெத்தலப் பை என் முதுவுக்கு வந்துடும். நடராஜா, மன்னிச்சிக்கப்பா. மாதா, நீயும் மன்னிச்சிக்கம்மா. கன்னத்த உப்புங்க. ஆங். எவ்ளோ கெட்டி முடி. இந்தப் பக்கம் ஆச்சி. இப்ப அந்தப் பக்கம்...

– மாமா. மாமா, எந்திரி. எங்கெல்லாம் தேடுறது உன்ன.

– யாருங்க நீங்க, கத்திய வச்சிருக்கும்போது இப்பிடி ஓடியாறீங்க? சங்கு அறுந்துருக்கும்.

– அன்பு? நீ எப்பிடிடா இங்க வந்த?

– அக்காதான் சொல்லிச்சி, சிதம்பரத்துலேந்து வேன்னு. தாடியோட சேக்க மாட்டான், சேவு பண்ணாம உங்க மாமா வேன் ஏற மாட்டாருன்னு சொல்லிச்சி. அடுத்த பஸ்ஸப் புடிச்சிட்டேன். கீழ வீதியில ஆரம்பிச்சி ஒவ்வொரு சலூனா ஏறி எறங்குறேன். ஒருத்தன் ஒக்கார வச்சித் துண்டப் போத்திட்டான், நான் வெட்டிக்க வரலன்னு சொல்லி... மாமா, அந்தப் பக்கம் திரும்பு.

– எதுக்கு?

– திரும்பு மாமா. ஐயோ. போச்சி. பாதி போச்சி. யோவ் கடக்காரரே, என்னாய்யா பண்ணி வச்சிருக்க?

– அவருதாங்க பண்ணச் சொன்னாரு. நான் எவ்ளோவோ சொல்லிப் பாத்தேன். நீங்க யாரு?

– நான் இவரு பொண்டாட்டிக்கித் தம்பி. அன்பரசு.

– இருங்க, இருங்க. உங்களயும் எங்கியோ பாத்துருக்கேன்.

– யூதாஸ்.

– ஆங். அதான. ஏசுவக் காட்டிக்குடுத்த யூதாஸ்தான். அந்தத் திருட்டு முழி.

– பாத்தியா மாமா? ஊரு விட்டு ஊரு வந்தாலும் எனக்கு இதான் மருவாத. போன வருசம் நாடகம் முடிஞ்சி வேசத்தக் கலச்சிட்டு டீக்கடைக்கிப் போறேன், எனக்கு டீ இல்லன்னுட்டான்.

– குடுக்காதது சரிதாங்க. நானும் அந்தக் கூட்டத்துல உங்களத் திட்டுனவன்தான். ஆனா யூதாஸு ஏசுவத் தேடிக்கினு சலூன் சலூனா அலையிறத இன்னிக்கித்தான் பாக்குறேன். உக்காருங்க தம்பி, தண்ணி குடிங்க. மூச்சி வாங்குது.

– மாமா, நீ வராமலே நேத்து ஊர்ல ஒத்திக ஆரம்பிச்சிட்டாங்க. ஏசு எங்கன்னு கேட்டாங்க. நான் மாமாவுக்கு ஜொரம்னு சொல்லி வச்சிருக்கேன். சபாபதி, நான் கட்டுறேன்னு நிக்கிறான்.

– கட்டட்டுமே.

– எப்பிடிக் கட்டுறது? அவனால சிலுவையத் தூக்க முடியல. கதைப்படி மூணுதரம் உழுவணும். அவன் எடுத்த ஒடனே ஒரேடியா உழுந்துட்டான். மேல சிலுவ, கீழ சபாபதி. எழுப்பி விட நாங்க அஞ்சாறு பேரு. அவன் பொண்டாட்டி வந்து, என் புருசன கொல்லவா பாக்குறீங்கன்னு ஒரே சண்ட. சாமியாரே சிரிச்சிட்டாரு.

– பழைய சிலுவ அவ்ளோ பாரம் கெடையாதே.

– பழைய சிலுவையத்தான் புயல் தூக்கிக்கினு போயிடுச்சே. இது புதுசு. பலாக்கட்ட.

– பலாவா? எந்தப் பலா?

– கடக்காரரே, இன்னும் கொஞ்சம் தண்ணி குடுங்க.

– அன்பு, எந்தப் பலாடா?

– கெணத்தோரம் நின்னதுதான் மாமா. நீதான் தோப்புப் பக்கமே போறதில்லியே.

– யாரக் கேட்டு எடுத்தீங்க?

– அக்காதான் எடுத்துக்கச் சொல்லிச்சி.

– அமராவதியா?

– ம். ஆசாரி வந்து மரத்தச் சுத்திச் சுத்தி வந்தாரு. அக்கா வெளிய வந்து, என்னா அண்ணே பாக்குறீங்க, எடுத்துக்குங்கன்னு சொல்லிச்சி.

– அழுதாளா?

– அழுவல. அவரு தண்ணி ஊத்தி வளத்த மரம், அவரு தோளுலதான் ஏறணும்னு சொல்லிச்சி. சொல்லிட்டு ஆசாரிக்கி மோரு கொண்டாந்து குடுத்துச்சி.

– அண்ணே, அந்த அக்காவ ஒருநாளு என் கடைக்கிக் கூட்டியாங்க. கும்புட்டுக்கிறேன்.

– நீங்க சும்மா இருங்க கலியமூர்த்தி. மச்சான், அவ ஏண்டா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல?

– நீதான் யாருகிட்டயும் மொகங்குடுத்துப் பேசுறதில்லியே. அவரு போறாருன்னா போவட்டும், நாடகத்த முடிச்சிட்டுப் போவச் சொல்லுன்னு மட்டும் சொல்லி அனுப்பிச்சி. மாமா, உனக்கு நாடகம் வேணாமா, இல்ல ஏசுவே வேணாமா? அத மட்டும் சொல்லு. நான் கெளம்பிடுறேன்.

– என்னால முடியாதுடா.

– சிலுவையத் தூக்கவா?

– தூக்கிடுவேன். பலாக் கட்டைய எனக்குத் தெரியாதா? மேல ஏத்துனப்பறம் ஒரு கட்டம் வருதுல்ல. உசுரு போறதுக்கு முன்னாடி. மேல இருக்குற அப்பாவப் பாத்து, என்னக் கைவிட்டுட்டியேன்னு கேக்குற எடம்.

– அங்கதாண்ணே என் மாமியா அழுவ ஆரம்பிக்கும்.

– சுனாமி வந்த மறு வருசம் மொதமொதலா வேசம் கட்டுனேன். அன்னிலேந்து வருசா வருசம் அந்த எடத்தச் சொல்றேன். நல்லாத்தான் சொன்னேன். கொரல எங்க ஏத்தணும், எங்க எறக்கணும், எல்லாம் தெரியும். அது வசனம். மனப்பாடம். இந்த வருசம் தவக்காலம் ஆரம்பிச்ச சாம்பல் புதன் அன்னிக்கி வீட்ல தனியா உக்காந்து சொல்லிப் பாத்தேண்டா. வாயத் தொறந்தா வசனம் வரல. நெசமாவே கேட்டுட்டேன். கத்திட்டேன். உங்கக்கா அடுப்பங்கரையிலேந்து ஓடியாந்தா. ஒண்ணுமில்ல போன்னு சொல்லிட்டேன். இத எப்பிடிடா ஊரு முன்னாடி சொல்றது? நடிக்கிறேன்னு நெனச்சிக்கினு எல்லாரும் பாத்துக்கினு இருப்பாங்க, நான் மேல நின்னு நெசமா சாமியத் திட்டிக்கினு இருப்பேன். அது தப்பு. அப்பிடிப்பட்டவன் அந்த வேசத்தக் கட்டக் கூடாது. அதான் ஓடியாந்துட்டேன்.

– மாமா, ஒண்ணு கேக்குறேன். கோச்சிக்காத.

– கேளு.

– அவரு மட்டும் நடிச்சாரா?

– எவரு?

– ஏசு. அவரு என்னா வசனத்த மனப்பாடம் பண்ணியா கேட்டாரு? அவரும் நெசமாத்தான கேட்டுருக்கணும்? நான் யூதாஸு, எனக்கு இதெல்லாம் பேச அருகத கெடையாது. ஆனா வருசா வருசம் ஓரமா நின்னு பாக்குறவன் நான்தான. என் கட்டம் சீக்கிரம் முடிஞ்சிடும், அப்பறம் வேல கெடையாது. நீ அத நல்லாச் சொல்லுவ மாமா, இல்லேன்னு சொல்லல. ஆனா எனக்கு எப்பவும் ஒண்ணு தோணும். இம்மாம் அழகாவா கேட்டுருப்பாருன்னு.

– அடப் பாவி. இத்தினி வருசமா சொல்லவே இல்ல?

– சொன்னா நீ அடுத்த வருசம் சேவகன் வேசம் குடுத்துடுவ.

– அண்ணே, இந்தக் கலியமூர்த்தி ஒண்ணு சொல்லலாமா?

– நீங்க எப்பச் சொல்லாம இருந்தீங்க?

– என் மாமியா மாரியம்மனத் திட்டாத திட்டு கெடையாது. கூரை போனப்பறம் ஒருநாளு, கோயில் வாசல்ல நின்னு மண்ண வாரித் தூத்துச்சி. நீயெல்லாம் ஒரு தாயான்னு கேட்டுச்சி. கேட்டுட்டு, வெளக்கப் போட்டுட்டு வந்துச்சி. ஏன் ஆயா, திட்டுன வாயோட வெளக்கு போடுறியேன்னு கேட்டேன். அவகிட்டத்தானடா திட்ட முடியும், அடுத்த வீட்டுக்காரிகிட்டயா போயித் திட்டறதுன்னு சொல்லிச்சி. அண்ணே? அழுவுறீங்களா, சிரிக்கிறீங்களா? பாதி நொர, பாதி மொகம், ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.

– தெரியலீங்க. ரெண்டும் வருது.

– மாமா, துண்டு இந்தா. தொடச்சிக்க.

– நான் விட்டுட்டேன், விட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கேண்டா அன்பு. ஆனா புயல் அடிச்ச நாள்லேந்து நான் அவர்கிட்டப் பேசாத நாளு ஒண்ணு கெடையாது. படுத்தாப் பேச்சி, எந்திரிச்சாப் பேச்சி. முன்னல்லாம் காலையில ஒரு செபம், ராத்திரி ஒரு செபம், அதோட சரி. இப்ப நாளு பூரா அவரோடதான் மல்லுக்கு நிக்கிறேன்.

– அதுக்குப் பேருதான் மாமா...

– தெரியிது, சொல்லாத. இப்பத்தான் தெரியிது.

– அண்ணே, உங்க செல்லு அடிக்கிது.

– வேன்காரனாத்தான் இருக்கும். அலோ. ஆமாங்க, ஆரோக்கியராஜ்தான். வேனு வந்துடுச்சிங்களா? நான் பக்கத்துலதான் இருக்கேன். இல்லீங்க, வரல. ஈஸ்டர் முடிஞ்சி வந்தாச் சேத்துப்பீங்களா? ஆங். ஆங். சரிங்க. ரொம்ப சந்தோசம்.

– என்னா மாமா சொன்னான்?

– ஃபோன வைடான்னான்.

– அதுக்கா ரொம்ப சந்தோசம்னு சொன்ன?

– சந்தோசமாத்தாண்டா இருக்கு. எனக்கே புரியல. தோப்பு அப்பிடியேதான் கெடக்குது, வேலையும் போச்சி.

– அப்ப வேசங்கட்டுற?

– கட்டுறேன். இந்தத் தடவ கேக்க வேண்டியத நெசமாவே கேட்டுடுறேன். அவரு பாத்துக்கட்டும்.

– கடக்காரரே, கலியமூர்த்தி அண்ணே, டீ சொல்லுங்க. நல்லா சக்கர ஜாஸ்தியா.

– டீ சொல்றது இருக்கட்டும் தம்பி. மொதல்ல இவரு மொகத்தப் பாருங்க. இந்தப் பக்கம் ஏசு, அந்தப் பக்கம் மொழுமொழுன்னு, அவருக்குத் தீர்ப்பு சொன்ன பிலாத்து. இத என்னா பண்றது?

– அட ஆமா. மூணு வாரத்துல வளந்துடாதா?

– வளரும். ஈச்ச முள்ளாட்டம் குத்திக்கினு நிக்கும். மீதியும் எடுக்காம சமம் ஆவாது.

– ஒட்டுத் தாடி?

– உங்க ஊர்லதான் ஆவாதே. என் மாமியா வேற மொதோ வரிசையில உக்காரும். அதுக்குக் கண்ணு கழுகு மாரி.

– கலியமூர்த்தி அண்ணே, ஒரு வழி இருக்குது. மாமா மேடையில எப்பவும் தாடி இருக்குற பக்கமாவே திரும்பி நடிக்கட்டும்.

– சிலுவையில?

– சிலுவையிலயும்தான்.

– சிலுவையில தல எடது பக்கமா சாயும் தம்பி. நான் மழிச்சது வலது பக்கம். ஜனம் வலது பக்கந்தான் உக்காந்துருக்கும். பளபளன்னு தெரியும்.

– இந்த வருசம் வலது பக்கமா சாய்க்கட்டும்.

– சாச்சி? என் மாமியா எதுக்க இருக்கும். அண்ணனுக்கு சிரிப்பு வந்துடும்.

– அப்பக் கரண்டு போற நேரமாப் பாத்து சிலுவையில ஏத்திடுவோம்.

– அதுக்கு நம்ம ஊர்ல நேரம் பாக்கணுமா என்னா? எப்ப ஏத்துனாலும் கரண்டு இருக்காது.

– மாமா, நீ ஏன் கண்ணாடியையே பாத்துக்கினு இருக்க? சிரிக்காத. நாங்க இங்க மண்டையப் போட்டு ஒடச்சிக்கினு இருக்கோம், நீ சிரிக்கிற. எவ்ளோ நாளாச்சி நீ சிரிச்சி. சரி, சிரிச்சிக்க. ஆனா ஒரு வழி சொல்லு.

– வழி இருக்கு மச்சான். கலியமூர்த்தி, மீதித் தாடியும் எடுங்க.

– அண்ணே?

– மாமா, இப்பத்தான கட்டுறேன்னு சொன்ன?

– கட்டுறேண்டா. நம்ம ஊர்ல நிமுந்து நிக்கிற மரம் ஒண்ணு கெடையாது, கூரை இருக்குற வீடு ஒண்ணு கெடையாது. ஏசு மட்டும் என்னாத்துக்கு முடியும் தாடியுமா வந்து நிக்கணும்? இந்த வருசம் அவரும் நம்மளாட்டம் எல்லாத்தயும் பறிகுடுத்துட்டு வரட்டும். எடுங்க கலியமூர்த்தி. தலையும் சேத்து, மொட்ட.